அமெரிக்க கிரீன்கார்டு விசா: கட்டணத் தளம் எப்படி இருக்கிறது?

குடும்ப வழி விசா மனு ஒப்புதலாகி, தேசிய விசா மையத்திலிருந்து வரவேற்புக் கடிதம் வந்ததும் சிஇஏசி என்ற அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசா இணையதளத்தில் பணம் கட்ட வேண்டும். கடிதத்திலுள்ள கேஸ் எண்ணும் இன்வாய்ஸ் எண்ணும் இருந்தால் உள்ளே போய்விடலாம்.

கட்டணம் இரண்டு வகை. ஆதரவு உறுதிப் பத்திரத்துக்கு (உங்களைப் பண ரீதியாகத் தாங்குவதாக மனுப்போட்ட உறவினர் தரும் உறுதிமொழி) 120 டாலர், கேஸுக்கு ஒரே முறை. விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், தலைக்கு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 1,300 உடன் 120 சேர்த்து 1,420 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது.

தளத்தின் பெரிய குறை, கார்டு ஏற்காது. அமெரிக்க வங்கிக் கணக்கு கட்டாயம். மனுப்போட்ட உறவினரையே கட்டச் சொல்வது உத்தமம். ரவுட்டிங் எண்ணையும் (வங்கியைக் குறிக்கும் எண்) கணக்கு எண்ணையும் காசோலையைப் பார்த்து அடியுங்கள். டெபிட் கார்டு எண்ணைக் கணக்கு எண் என்று போட்டால் பணம் போகாது, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

கட்டியதும் சில நாள் 'இன் ப்ராசஸ்' என்றே காட்டும், பதற வேண்டாம். 'பெய்டு' என்று மாறிய பிறகுதான் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம் திறக்கும். இந்த நிலைகளைத் தெளிவாகக் காட்டுவதில் தளத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பலருக்கும் அதிர்ச்சி தருவது இதில் சேராத செலவுகள்தான். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிப் பணம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் தனியாகக் கட்ட வேண்டும். விசா கைக்கு வந்தபின் அமெரிக்கக் குடியேற்றச் சேவை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஆளுக்கு 235 டாலர்; அதைக் கட்டாதவரை கிரீன்கார்டு அட்டை அச்சாகாது. பயணத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள்.