பின் டயருக்குத் தண்ணீரா, இரும்பு வெயிட்டா?

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை ஓட்டி வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் பின் டயர்களில் பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பி உழுதேன். அதன் பிறகு தண்ணீரை இறக்கிவிட்டு, சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு வெயிட்டுக்கு மாறினேன். இனித் தண்ணீருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்சக்கரத்தில் பாரம் எதற்கு என்பது உழுகிற எவருக்கும் தெரியும். போதாவிட்டால் சக்கரம் வழுக்கிச் சுற்றி, டீசலும் டயர்க் கட்டையும் சேர்ந்து தேயும்; மிகுந்தால் மண் இறுகும். எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி, அதே பத்துச் சுற்றுக்கான தூரத்தை அளக்க வேண்டும். நூறு அடி போன வண்டி உழும்போது எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு அடி வரை போனால் பாரம் சரி. அதற்கும் கீழே போனால்தான் கூட்ட வேண்டும்.

தண்ணீருக்கு உள்ள பெருமை, அது காசில்லாமல் கிடைக்கும் பாரம் என்பதுதான். 13.6-28 அளவு டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும்; அதாவது சக்கரத்துக்கு 200 கிலோ. என் இரும்புத் தட்டு ஒன்று 45 கிலோ, சக்கரத்துக்கு இரண்டு என்றால் 90 கிலோதான் தேறுகிறது. கனத்தை மட்டும் பார்த்தால் இரும்பு தோற்றுவிடும். நிரப்புவதும் கடினமில்லை. அச்சை ஜாக்கியில் தூக்கி, வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்து வழியும் வரை விட்டால் முக்கால் பாகம் ஆகிவிடும். மீதி இடத்தில் காற்று. ஆனால் அந்த மீதி கால் பாகம்தான் என்பதால், சிறு கசிவுக்கும் காற்றழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. காற்று பார்க்கும்போதெல்லாம் வால்வை மேலே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் கேஜுக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது பஞ்சர்தான். எங்கள் பக்கம் வயலோரமெல்லாம் சீமைக்கருவேல முள். ஒரு புரட்டாசிக் கடைசியில், மழை பெய்து மண் பதமாக இருந்த நாளில், இடது பின் டயரில் முள் ஏறியது. வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியை எடுத்தால் தண்ணீர் முழுவதும் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். வால்வு இருப்பது ரிம்மில் அல்லவா? அந்த மட்டத்துக்கு மேலிருந்த தண்ணீர் வந்தது. அதற்குக் கீழே டயரின் வயிற்றில் கிடந்தது வரவில்லை. கடைசி வரை வடிக்க, வால்வு வழியே மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் காற்றால் தள்ள வேண்டும். அந்தக் குழாய் பஞ்சர் போட வந்தவரிடம் இல்லை. இருக்கட்டும் என்று சக்கரத்தைக் கழற்றியபோது, உள்ளே கிடந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி, சக்கரம் உதவிக்கு நின்ற பையன் மேல் சாய்ந்தது. அவன் கையை விட்டுவிட்டு விலகியதால் காலில் விழவில்லை. தாங்கிப் பிடிக்க முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. பிறகு ஈர டியூபைத் துடைத்துக் காயவைத்து, ஒட்டுப் போட்டு, மாட்டி, மறுபடியும் 200 லிட்டர் சுமந்து நிரப்புவதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது. பக்கத்து நிலத்துக்காரர் விதைத்து முடித்திருந்தார்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் டியூபுக்குள் இருக்கும்வரை ரிம்மில் படாது என்பது உண்மையே. ஆனால் பஞ்சரான டியூபிலிருந்து கசிந்தது டயருக்கும் டியூபுக்கும் இடையில் தேங்கி ரிம்முக்கு வந்துவிடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். டயரைப் பிரித்தபோது ரிம்மின் உள்விளிம்பு செதில் செதிலாக உரிந்து வந்தது. அந்தத் துரு விளிம்புதான் அடுத்த டியூபையும் அறுக்கும்.

இரும்பு வெயிட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பஞ்சரானால் தட்டைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற டயரைப் போலவே வேலை பார்க்கலாம். கண்மாய்ப் பாசன வயலுக்குத் தொளி அடிக்க வாடகைக்குப் போகும்போது தட்டுகளைக் கழற்றிவிட்டுப் போகிறேன். சேற்றில் பாரம் எதிரி. தட்டு மாட்டுவதற்கும் கவனம் வேண்டும். சக்கரம் தரையில் நிற்கும்போதே, இரண்டு பேர் பிடித்து, பலகையில் சாய்த்து ஏற்ற வேண்டும். போல்ட்டை முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் ஒவ்வொரு முறையும் கால் சுற்றாவது இறங்குகிறது. கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு ஆண்டு முழுவதும் தட்டோடு டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இரும்பால் பாதி ஆதாயம்தான். வாங்கும்போது செலவு கூடுதல். ஆனால் விற்கும்போது பழைய இரும்பு விலைக்காவது போகும்.

எது போட்டாலும், பஞ்சர் ஒட்டித் திரும்ப மாட்டும்போது டயர் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்று 35 பவுண்டுக்கு மேல் காற்றை ஏற்றவே கூடாது. விளிம்புக் கம்பி அறுந்து டயர் வெடித்தால் ஆள் தப்ப முடியாது. உட்காரவில்லையென்றால் காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீளமான குழாயில், வால்வைக் கவ்விப் பிடிக்கும் முனையை மாட்டி, டயருக்கு நேராக நிற்காமல் விலகி நின்று காற்றடிக்க வேண்டும். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைப்பதும் அதே ஆபத்துதான்.

நான் சொல்வதெல்லாம் டியூப் உள்ள நைலான் டயரையும் ஒன்பது கொத்துக் கலப்பையையும் வைத்துத்தான். நல்ல தண்ணீரும் முள் இல்லாத நிலமும் உள்ளவர், ஆண்டு முழுவதும் சட்டிக் கலப்பையால் ஆழ உழுபவர் என்றால், 90 கிலோ அவருக்குப் போதாமல் போகலாம். அவர் தண்ணீரே நிரப்பட்டும். ஆனால் வடிக்கும் குழாயை வாங்கி டூல் பெட்டியில் போட்ட பிறகு நிரப்பட்டும்.