கொழும்பிலிருந்து வயல் செய்பவருக்கு விதைப்பா, நாற்று நடுகையா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருந்துகொண்டு வன்னியில் உள்ள வயலைத் தொலைபேசியிலேயே நடத்துகிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். எங்கள் வயல் வவுனியாவில், குளத்துத் தண்ணீர் பாய்கிற இடம். சிறுபோகத்தில், அதாவது ஆண்டு நடுவில் வரும் போகத்தில், வீசி விதைப்பதை விட்டு நடுகைக்கு மாறியிருக்கிறோம். அதனால் நான் நடுகைப் பக்கம்தான் நின்று பேசுகிறேன்.

செலவைப் பார்த்தால் விதைப்புத்தான் மலிவு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், ஏறத்தாழ 40 கிலோ, இருந்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். நடுகைக்கு விதை அதில் பாதி போதும். ஆனால் நாற்றுமேடை, நாற்றுப் பிடுங்கல், நடுகைக் கூலி எல்லாம் மேலதிகம். இதற்கு மேல் அந்தக் கணக்கில் பேச ஒன்றுமில்லை.

என்னை மாற வைத்தது களை. முளைகட்டிய நெல்லைச் சேற்றில் வீசினால், முதல் நாட்களில் வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் முளை அழுகிவிடும். கோரையும் புல்லும் முளைக்கத் தேடுவதும் அதே ஈரச் சேற்றைத்தான். நெல்லும் களையும் ஒரே நாளில் பிறந்து, ஒரே உரத்துக்கும் வெயிலுக்கும் போட்டியிடும். நட்ட வயலில் நெல்லுக்கு இரண்டு மூன்று கிழமை மூப்பு இருக்கிறது. வேர் பிடித்ததும் இரண்டு அங்குலத் தண்ணீர் கட்டிவிடலாம். அந்தத் தண்ணீருக்கடியில் பெரும்பாலான புல் விதைகள் தலையெடுக்காது. மிஞ்சியதை வரிசைக்கு நடுவே களைக்கருவியைத் தள்ளிக்கொண்டு போய் அழிக்கலாம்.

நெல்லைப் போலவே தோற்றமுள்ள களையான களைநெல் இன்னும் பொல்லாதது. வீசி விதைத்த வயலில் கதிர் வரும்வரை அதை நெல்லிலிருந்து பிரித்தறிவது கடினம். வழக்கமான களைநாசினிகளுக்கும் அது நெல்தான். நட்ட வயலில் வரிசைக்கு வெளியே முளைத்ததைப் பிடுங்கினால் போதும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது ஏன் பெரிய விஷயம்? விதைத்த வயலில் களைநாசினி அடிக்கும் நாள் தவறக்கூடாது. களை இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில் தண்ணீரை வடித்து, அடித்து, திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு வரம்பில் தினமும் ஒருவர் நிற்க வேண்டும். வயல் பார்க்கிறவர் எவ்வளவு நல்லவரானாலும் அவருக்குச் சொந்த வயலும் இருக்கிறது. அங்கேயும் அதே நாளில் அதே வேலைதான். நடுகையில் என் கண் தேவைப்படுவது பெரும்பாலும் நடும் நாட்களில் மட்டும். அதற்கு லீவு போட்டு இரவு பஸ் ஏறிவிடலாம்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு களைநாசினிகளின் இறக்குமதியையும் தடை செய்தார்கள். நவம்பரில்தான் அது நீங்கியது. களைநாசினியை நம்பியே விதைப்பவருக்கு அது கிடைக்காத போகத்தில் கையால் களை பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வீசி விதைத்த வயலில் வரிசையும் இல்லை, கருவியும் ஓடாது.

பருவமழையோடு தொடங்கும் காலபோகத்தில் மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயலென்றால், காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புத்தான் சரி. நாற்று தயாராகும் நாளில் வயலில் சேறு இருக்குமென்று அங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. இயந்திர நடுகை எங்களிடம் இன்னும் புதிது. மட்டமாக்காத வயலில் பள்ளத்து நாற்றுகள் தாழ்ந்துபோனதைக் கண்டேன், மற்றப்படி தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை.

நடுவதென்று தீர்மானித்தால், நாற்றுமேடை போடும் முன்பே ஆட்களைப் பேசி வையுங்கள். பிஜி 300 போன்ற மூன்று மாத இனங்களில் நாற்று மூன்று கிழமைக்கு மேல் முற்றினால், நட்ட பிறகு கிளைப்பது குறைந்துவிடும்.