ஆயாவுக்கு நிமோனியா ஊசி: கிளினிக்கா, ஃபேமிலி டாக்டரா, ஃபார்மசியா?

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல இருக்குற எங்க ஆயாவுக்கு 74 வயசு. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு, வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்குவாங்க, ஆனா நிமோனியாவுக்குத் தனியா ஒரு ஊசி இருக்குன்னு இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட அவங்ககிட்ட சொன்னதில்ல. ஊசிக்கு பயப்படுற ஆளும் இல்ல, தெனமும் விரல்ல குத்தி சுகர் பாக்குறாங்க. சரின்னு நானே மூணு எடத்துலயும் விசாரிச்சேன்.

கவர்மெண்ட் கிளினிக்ல 65 தாண்டினவங்களுக்கு ஃப்ளூ ஊசி இலவசம். நிமோனியா ஊசி குழந்தைங்களுக்கு 2009லேர்ந்து போடுறாங்க, பெரியவங்களுக்கு அந்த மாதிரி வழக்கம் இல்ல. அதோட இப்போ சுகர் மாத்திரைய வீட்டுப் பக்கத்து பிக்கப் பாயிண்ட்லயே வாங்கிக்கலாம், விடியக்காலைல லைன்ல நிக்கிற பாடு போச்சு, ஆனா சிஸ்டர் முகத்த பாக்குறதும் கொறஞ்சு போச்சு. பாக்காதவங்ககிட்ட யாரு போய் ஊசி போட்டீங்களான்னு கேப்பாங்க?

ஃபேமிலி டாக்டருக்கு ஆயாவோட உடம்பு மொத்தமும் அத்துப்படி. நாங்க கேட்டதும், "ஆமா, போடணுமே"ன்னாரு (கேக்கலைன்னா?). ஆனா அவரு ஃப்ரிட்ஜ்ல மருந்து இல்ல, சீட்டு எழுதிக் குடுப்பாரு, நாம ஃபார்மசில வாங்கிட்டு திரும்ப வரணும். மூட்டுவலியோட ரெண்டு நடை, பல வயசானவங்க இதுலயே விட்டுடுவாங்க.

ஃபார்மசில மருந்தும் அங்கயே, ஊசி போடுற சிஸ்டரும் அங்கயே, ஒரே தடவைல முடிஞ்சிடும். கொறை என்னன்னா காசு. பென்ஷன்ல ஓட்டுறவங்களுக்கு சின்ன தொகை இல்ல. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரி) இருந்தா முன்னாடியே போன் பண்ணிடுங்க, சில பிளான்ல தடுப்பூசிக்குத் தனியா குடுப்பாங்க, சிலதுல நம்ம சேவிங்ஸ்லேர்ந்துதான் போகும்.

எந்த ஊசிங்கறதுலயும் குழப்பம் இருக்கு. நிமோகாக்கஸ்ங்கற நிமோனியா கிருமியோட 23 வகைக்கு ஒண்ணு இருக்கு, எண்ணிக்கை பெருசு, ஆனா நம்ம உடம்பு அத ரொம்ப நாள் ஞாபகம் வெச்சுக்காது, சில வருஷத்துல வேகம் கொறையும். 13 வகை ஊசி புரதத்தோட சேத்து செஞ்சது, ஞாபகம் நல்லா நிக்கும். நெதர்லாந்துல 65 தாண்டின சுமார் 85,000 பேர வெச்சு பாத்தாங்க, 2015ல முடிவு வந்துச்சு: அந்த 13 வகையால வர்ற நிமோனியா ஏறக்குறைய 46 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு, ரத்தம் வரைக்கும் பரவுற கடுமையான நோய் 75 சதவீதம். எல்லா நிமோனியாவும் இல்ல, கவனிச்சுக்கோங்க. அதனால 13 போட்டு, ஒரு வருஷம் கழிச்சு 23ன்னு சொல்லுவாங்க, அந்த ரெண்டாவதுக்குத்தான் பாதி பேர் வரமாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. 2021ல அமெரிக்கா அனுமதி குடுத்த 20 வகை ஊசி, ஒண்ணு போட்டா போதும். கெடச்சா நான் அதுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

கடைசில நாங்க போனது ஃபார்மசிக்கு. ஃப்ளூ மாதிரி சீசன் பாக்க வேணாம், எப்ப வேணா போடலாம், ஆனா ஆடிக்கூழ் கூட்டத்துக்கு முன்னாடியே முடிச்சிடணும்னு எனக்கு. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி ரெண்டையும் ஒரே நாள்ல வேற வேற கைல போட்டுக்கிட்டாங்க. எந்த ஊசி, என்ன தேதின்னு சிஸ்டர்கிட்ட எழுதி வாங்கி, போன்ல போட்டோ எடுத்து ஃபேமிலி டாக்டருக்கும் அனுப்பிட்டேன், இல்லன்னா அடுத்த வருஷம் யாராவது திரும்ப அதையே குத்திடுவாங்க.