இழுக்கிற சாமானை எங்கே வைப்பது? வன்னி றோட்டுகளில் ஒரு டபுள் கெப் அனுபவம்

புதைந்த வாகனத்தை இழுக்கிற சாமான்களை வாங்குவது சுகம். அவற்றை வாகனத்தில் எங்கே, எப்படி வைத்திருப்பது என்பதுதான் தலையிடி.

என்னுடையது பழைய ஹைலக்ஸ் டபுள் கெப். வேலை முழுக்க ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்துக் குளங்களையும் வாய்க்கால்களையும் சுற்றித்தான். ஏ9 வீதியை விட்டு இறங்கினால் கிரவல், கிரவல் முடிந்தால் களி. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் அந்தக் களி காயாது. சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கம் போனால் சேற்றுக்குப் பதில் மணலும் உப்புக்காற்றும். இந்த ஏற்பாட்டைச் செய்தது 2019 இல். அடுத்த வருடம் டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோதே நல்ல சோதனை நடந்துவிட்டது.

பலரும் சாமான் பெட்டியைப் பின்கதவோடு ஒட்டி வைக்கிறார்கள். கடைக்குப் போய்வர அது வசதி. ஆனால் பின்சில்லு இரண்டும் தாழ்ந்து, பின்பக்கம் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கதவைக் கீழே இறக்க முடியாது. அதனால் என் பெட்டி கபினுக்குப் பின்னால் குறுக்காக நிற்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனி மூடி. எந்தப் பக்கம் சரிந்து நின்றாலும் மற்றப் பக்கத்தால் கையை விடலாம். பாரம் முன்னுக்கும் தாழ்வாகவும் இருப்பதால் கிரவலில் பின்பக்கம் துள்ளுவதும் குறைவு. பெட்டியை வாகனப் பின்தட்டின் தகரத்தில் மட்டும் பூட்டாமல், அடியில் தடித்த தகடு வைத்து போல்ட் இறுக்கச் சொன்னேன். வெல்டிங் பட்டறைக்காரர் இது தேவையில்லாத செலவு என்றார். பெட்டி இன்றுவரை அசையவில்லை.

பெட்டிக்குள் எது மேலே, எது கீழே என்பதில் வெளிநாட்டு வீடியோக்கள் இங்கே உதவாது. அங்கே இன்னொரு ஜீப் ஓடிவந்து ஒரே வெட்டில் இழுத்தெடுக்கும். அதற்குத்தான் நீளக்கூடிய நைலோன் ஸ்னாட்ச் பெல்ட். இங்கே இழுக்க வருவது பெரும்பாலும் பக்கத்து வயலில் நிற்கும் உழவு இயந்திரம். அது மெதுவாக, விடாமல் இழுக்கும். அதற்கு நீளாத பொலியெஸ்டர் பெல்ட் போதும். ஆகவே பொலியெஸ்டர் மேலே, நைலோன் கீழே. வருகிறவர் அநேகமாக, “தம்பி, உந்த நாடாவை வைச்சிட்டுச் சங்கிலியைப் போடுங்கோ” என்பார். “இல்லை அண்ணை, இதையே போடுவம்” என்று சிரித்தபடி பெல்டைக் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். சங்கிலி அறுந்தால் எங்கே பறக்கும் என்று விளக்க அது நேரமில்லை. நெடுங்கேணிப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை வேறு இறங்கும்.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பித்தளை ஆமைப்பூட்டு, துளை கீழ்நோக்கி, மேலே பழைய ரியூபில் வெட்டிய ரப்பர் மடல். உள்ளே எண்ணெய் விட்டால் கிரவல் தூசி ஒட்டிக் களியாகிவிடும். பென்சில் கரியைச் சுரண்டிப் போடுவது நல்லது. அதைவிட முக்கியம் திறப்பு. பெட்டித் திறப்பை வாகனத் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்து வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். வாய்க்காலுக்குள் தண்ணீர் சைலன்ஸருக்கு மேல் நிற்கும்போது எஞ்சினை நிற்பாட்ட முடியுமா? அப்போது பெட்டித் திறப்பு இக்னிஷனில் தொங்கும்! என்னுடையது தனியாக, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கொளுக்கியில்.

பெல்டைக் கெடுப்பது இழுவையை விட ஈரமும் மண்ணும்தான். நைலோன் தண்ணீர் குடிக்கும். நனைந்தால் பலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். காய்ந்தால் அந்தப் பலம் திரும்பிவிடும். மண் செய்கிற கேடு திரும்பாது. நூலிழைகளுக்குள் புகுந்த நுண்மணல், பெல்ட் நீளும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து அறுக்கும். காய்ந்த பெல்டைக் காதுக்குப் பக்கத்தில் மடித்துப் பாருங்கள். கறுக் கறுக் என்றால் இன்னும் கழுவ வேண்டும். நான் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்காரத்தூள் இல்லாமல் அலசி, விறாந்தை நிழலில் கொடிபோட்டுக் காயவைக்கிறேன். வெயில் நைலோனுக்கு ஆகாது. மார்கழியில் காய நாள் எடுக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

காய்ந்த பிறகு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி வேண்டாம். மிச்ச ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். எனக்குக் கைகொடுத்தது சிவப்பு வலை வெங்காயப் பை. காற்றோட்டம் உண்டு, மண் தானாக உதிரும், விலை ஒன்றுமில்லை. ஈரப் பெல்டை வீடு கொண்டுவர இன்னொரு பை. அது பெட்டிக்கு வெளியே தொங்கும். ஒரேயொரு எதிரி எலி. நெல் மூட்டை கிடக்கிற அறையில் பெல்டைப் போட்டால் முதலில் பெல்ட் நுனியில் மடித்துத் தைத்த வளையத்தை, அதாவது கண்ணைத்தான் கறண்டும். கம்பியில் தொங்கவிட்டால் பிழைக்கும். கண் கறண்டிய பெல்டை இழுவைக்கு எடுக்காதீர்கள். வைக்கோல் கட்ட உதவும்.

இரும்புச் சாமான் எதுவும் கபினுக்குள் இல்லை. பெல்டை வாகனத்தோடு கொழுவுகிற இரும்பு வளையமான ஷக்கிளில், 4.75 தொன் தாங்குவது ஒன்று மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வரும். மாடு குறுக்கே வந்து பிரேக் போட்டால் அது சும்மா கிடக்காது. தடித்த துணிப்பைக்குள், மரையில் மெல்லிய எண்ணெயோடு பெட்டியின் அடியில் கிடக்கிறது. தாங்கும் எடை உடம்பில் பொறித்திராத ஷக்கிள் ஒன்றை ஒரு கடையில் நல்லது என்று தந்தார்கள். சாதாரண இழுவைக்கே அதைப் பூட்டுகிற ஊசி வளைந்து, கழற்ற முடியாமல் வாளால் அறுக்க வேண்டி வந்தது. கயிற்றால் பின்னிய சொஃப்ட் ஷக்கிள் மட்டும் முன் லாச்சிக்குள்; பாரமில்லை, தண்ணீரிலும் மிதக்கும்.

வாகனத்தை உயரத் தூக்குகிற நெட்டை ஜக்கான ஹைலிஃப்ட் ஜக் பெட்டிக்கு மேலே படுத்திருக்கிறது. பதின்மூன்று கிலோ அளவு வரும், ரப்பர் வாரை நம்ப முடியாது. ரியூப் வார் ஒரு கோடையில் வெடித்துவிடும். போல்ட்டும் நைலோன் வளையம் வைத்த நட்டும்தான் கிரவல் அதிர்வுக்கு நிற்கின்றன. ஜக் படிப்படியாக ஏறப் பிடித்துக்கொள்கிற ஊசிகள் இருக்கிற இடத்துக்கு கிறீஸ் பூசாமல், ரியூப் துண்டால் உறை போட்டிருக்கிறேன்.

மண்வெட்டியைவிட, ரயருக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் பலகையைத்தான் நான் முதலில் எடுப்பது. பளை, முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த நிலத்தில் றோட்டை விட்டு இறங்கிக் கிண்டுவது விளையாட்டில்லை. ஆனால் பலகைக்குத்தான் இன்னும் நல்ல இடம் அமையவில்லை. கூரையில் வைத்தால் வெயிலில் வெளிறி வளைகிறது, தட்டுக்குள் போட்டால் உரப்பைக்கு அடியில் போகிறது. இப்போதைக்குத் தட்டின் இடப்பக்கம், வெளியே. றோட்டோரப் பற்றை உரசிக் கீறுகிறது. அடுத்த மாரிக்கு முன் வலப்பக்கம் மாற்றிப் பார்க்க இருக்கிறேன்.