முதல் இலையுதிர் காலத்தில் எந்தக் காளானைக் கற்பது? பஞ்சடி, மஞ்சள், ஏடு: ஒரு ஒப்பீடு

தென் ஜெர்மனியில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டால் செப்டம்பர் வந்ததும் கை அரிக்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி கூடையோடு காட்டுக்குப் போகிறார், சந்தையில் ஸ்டைன்பில்ஸ் காளானின் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, நாமும் போய்ப் பொறுக்கினால் என்ன என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த ஆப் நல்லது, எந்தப் புத்தகம் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, எந்தக் குடும்பத்தில் தொடங்குவது என்பது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்கலாம் என்று போனால் எதுவும் உருப்படியாக மனதில் நிற்காது.

ஒரு தொடக்கக்காரர் முன்னால் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, குடையின் அடியில் ஸ்பாஞ்ச் போலப் பொடித்துளைகள் இருக்கும் காளான்கள். ஸ்டைன்பில்ஸ், மரோனே எல்லாம் இந்த வகை, பஞ்சடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, மஞ்சள் ப்ஃபிஃபர்லிங். மூன்று, அடியில் ஏடு ஏடாக விரியும் காளான்கள்: புல்வெளி ஷாம்பின்யோன், பாரசோல் முதலானவை. நான் பஞ்சடியில்தான் தொடங்கினேன், இன்னும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறேன், அதனால் இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் சாயும். நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ருசி, கிடைக்கும் இடம், சுத்தம் செய்யும் சிரமம் இதையெல்லாம் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். ருசியில் ஸ்டைன்பில்ஸும் ப்ஃபிஃபர்லிங்கும் சரிக்குச் சரி. காயவைத்தால் ஸ்டைன்பில்ஸின் மணம் இரண்டு மடங்காகும், ப்ஃபிஃபர்லிங் காய்ந்தால் ரப்பர் ஆகிவிடும். புழு விஷயத்தில் நேர்மாறு. ஸ்டைன்பில்ஸைப் பிளந்தால் பாதிக்குப் பாதி உள்ளே சுரங்கம் ஓடியிருக்கும், ப்ஃபிஃபர்லிங்கைப் புழு அநேகமாகத் தொடாது. தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் போன்ற அமில மண்ணுள்ள ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) காடுகளில் இரண்டும் கிடைக்கும். ஷாம்பின்யோனுக்குக் காடே வேண்டாம், மாடு மேயும் புல்வெளி போதும்.

சரி, இதில் எதுவுமே தீர்மானிக்கிற விஷயம் இல்லை. தீர்மானிப்பது ஒன்றுதான்: அடையாளத்தில் தப்பு நடந்தால் என்ன ஆகும்? தொடக்கக்காரர் தப்பு செய்வார், அது நிச்சயம். எந்தக் குடும்பத்தில் தப்பு செய்தால் வயிற்றோடு போகும், எதில் ஈரல் போகும் என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏட்டுக் காளானிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. ஊரில் நாம் சாப்பிட்டுப் பழகியது எல்லாம் ஏட்டுக் காளான்தான். புற்றில் முளைப்பது, வைக்கோல் காளான், சிப்பிக் காளான், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய பால் காளான், கடையில் டப்பாவில் வரும் மொட்டுக் காளான், எதைத் திருப்பினாலும் அடியில் ஏடு. வெள்ளையாக, கொழுகொழுவென்று, பூச்சி அரிக்காமல் இருந்தால் நல்ல காளான் என்று கண் தானாகவே முடிவு செய்துவிடும். ஐரோப்பியக் காட்டில் அந்தக் கண்தான் ஆளைக் கொல்லும். கொடிய விஷமுள்ள பச்சை க்னொல்லன்ப்ளெட்டர்பில்ஸ் (இனி சுருக்கமாக க்னொல்லன்) ஓக், பீச் மரங்களுக்கு அடியில் வரும். அதன் தூய வெள்ளை உறவுக்காரன் ஒன்று ஸ்ப்ரூஸ் காட்டில் வரும், பால் காளானைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது அழகாகவே தெரியும். பச்சை வகையின் மொட்டு, வெள்ளைப் பைக்குள் முட்டை மாதிரி இருக்கும்போது, வைக்கோல் காளானின் மொட்டுக்கும் அதற்கும் வெளியிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டுக்குமே அடியில் பை உண்டு. வளர்ந்த பிறகு வைக்கோல் காளானின் ஏடு இளஞ்சிவப்பாகும், தண்டில் வளையம் இருக்காது. க்னொல்லனின் ஏடு வெள்ளையாகவே நிற்கும், தண்டில் பாவாடை போல ஒரு வளையம் தொங்கும். ஆனால் மொட்டில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2015 இலையுதிர் காலத்தில் ஜெர்மனிக்குப் புதிதாக வந்த சிரிய அகதிகள் பலர் இதே காளானைத் தங்கள் ஊர்க் காளான் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி போட வேண்டியிருந்தது. அறியாமையால் வந்த வினை என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குக் காளான் தெரியும், வேறு ஊர்க் காளான் தெரியும், அதுதான் பிரச்சினை.

அந்த விஷம் வேலை செய்யும் விதம் இன்னும் மோசம். சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தி, பேதி. அதற்கப்புறம் ஒரு நாள் போல உடம்பு தேறியது மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும், உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் விஷம் போகாது. நடுத்தர அளவில் ஒரே ஒரு காளான் வளர்ந்த ஆளைக் கொல்லப் போதும். ருசியும் மோசமில்லை என்றுதான் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆக நாக்கும் காப்பாற்றாது.

ஏட்டுக் குடும்பத்தில் நிபுணர்களுக்கே பாதுகாப்பு இல்லை என்பதற்கு யூலியுஸ் ஷெஃபர் உதாரணம். ஜெர்மனியின் பெரிய காளான் அறிஞர்களில் ஒருவர், 1944-இல் இறந்தார். சாப்பிட்டது காலர் க்ரெம்ப்லிங், அந்தக் காலத்தில் எல்லோரும் சமைத்துச் சாப்பிட்ட காளான். பலமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல், திடீரென்று ஒருமுறை உடம்பே தன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே பிரச்சினை அடையாளத்திலும் இல்லை, அவர் எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்துதான் சாப்பிட்டார்.

பாரசோல் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை. பாம்புத்தோல் போலக் கோடு போட்ட தண்டு, மேலும் கீழும் நகரும் வளையம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குடை, இது மூன்றும் சேர்ந்து இருந்தால் அடையாளத்தில் தவறுவது கஷ்டம் என்கிறார்கள். குடையை முட்டையில் தோய்த்து ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்ததை நண்பர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அருமை. ஆனால் நானாகப் பறித்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்லத் தகுதியில்லை. அதே சாயலில் சின்னச் சின்னக் குடைக் காளான்கள் சிலவற்றில் க்னொல்லனில் இருக்கும் அதே விஷம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ப்ஃபிஃபர்லிங் இதைவிட எவ்வளவோ மேல். உண்மையான ப்ஃபிஃபர்லிங்குக்கு அடியில் இருப்பது ஏடு இல்லை, தண்டு வரை இறங்கிக் கிளைவிடும் மடிப்புகள். நகத்தால் கீறினால் தனியாகப் பிரிந்து வராது. உள்ளே சதை வெள்ளை, ஆப்ரிகாட் வாசனை. போலி ப்ஃபிஃபர்லிங் ஆரஞ்சு நிறத்தில், மெத்தென்று, பிரிகிற ஏடுகளோடு இருக்கும், அதைச் சாப்பிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, வயிறு கொஞ்சம் முனகலாம். இதோடு நின்றிருந்தால் நான் மஞ்சளுக்கே ஓட்டு போட்டிருப்பேன். ஆனால் ராவ்கோப்ஃப் என்று ஒரு துரு நிறக் கும்பல் இருக்கிறது. அதில் இரண்டு வகைகள் சிறுநீரகத்தைத் தின்றுவிடும், அதுவும் இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடத் தாமதித்து. சாப்பிட்டதையே மறந்த பிறகு தாகம், முதுகுவலி என்று டாக்டரிடம் போனால் அவர் காளானைப் பற்றி எங்கே கேட்கப்போகிறார்? 1952-இல் போலந்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட பிறகுதான் இந்தக் காளான் விஷம் என்பதே உலகத்துக்குத் தெரிந்தது. 2008-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபல ஆங்கில நாவலாசிரியர் குடும்பத்தோடு இதே கும்பலின் காளானைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் இழந்தார், பிறகு மகள் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ராவ்கோப்ஃபையும் ப்ஃபிஃபர்லிங்கையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கை நிறையப் பாசியோடு அள்ளிக் கூடையில் போடும்போது ஒன்று இரண்டு உள்ளே வந்துவிடும், அதுதான் பயம்.

இப்போது பஞ்சடிக்கு வருவோம். இதன் முதல் சோதனையை ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்யும்: திருப்பிப் பார், ஏடா, பஞ்சா? ஏடு என்றால் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டு. க்னொல்லன், ராவ்கோப்ஃப், க்ரெம்ப்லிங், மேலே சொன்ன அத்தனை எமனும் இந்த ஒரே சோதனையில் வெளியே போய்விடும். மிச்சம் இருக்கும் பஞ்சடிக் கூட்டத்தில் மத்திய ஐரோப்பாவில் நடக்கக்கூடிய தப்புகள் என்ன என்று பாருங்கள்.

அடிக்கடி நடப்பது கசப்பு. ஸ்டைன்பில்ஸ் என்று நினைத்து கால்லன்ர்யோர்லிங் என்ற கசப்புப் பஞ்சடி ஒன்றைப் போட்டுவிட்டால் சட்டி முழுக்கக் கசந்து குப்பைக்குப் போகும், அவ்வளவுதான். பிரித்தறிவது எளிது. ஸ்டைன்பில்ஸின் தண்டு மேல்பகுதியில் வெளிர் நிறத்தில் மெல்லிய வலை ஓடும், பஞ்சு இளசில் வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் பாசிப்பச்சை, வெட்டினால் சதை வெள்ளையாகவே நிற்கும். கசப்பனுக்குத் தண்டில் தடித்த பழுப்பு வலை, பஞ்சு முற்றும்போது இளஞ்சிவப்பு. சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம். இந்த நாக்குச் சோதனை வெளிர்ப் பஞ்சுக்கு மட்டும்தான், ஏட்டுக் காளானில் கனவிலும் செய்யாதீர்கள்.

மரோனே இன்னும் சுலபம். பழுப்பு நிறக் குடை, வலையில்லாத தண்டு, மஞ்சள் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினால் சில நொடியில் நீலம் பாயும். முதல் தடவை பார்க்கிறவர் பதறிப்போய்த் தூக்கி எறிவார், நீலம் என்றால் விஷம் என்று எவரோ சொல்லி வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வெட்டிய மாத்திரத்தில் கரு நீலமாகும், சிவப்புப் பஞ்சுள்ள ஒரு ஹெக்ஸன்ர்யோர்லிங்கை இங்கே நன்றாக வேகவைத்து விரும்பியே சாப்பிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து ஸாடன்ஸ்ர்யோர்லிங். வெளுத்த சாம்பல் குடை, சிவப்புப் பஞ்சு, தொந்தி போட்ட தண்டு, முற்றினால் பிண வாடை. சாப்பிட்டால் மணிக்கணக்கில் வாந்தி பேதி, ஆஸ்பத்திரிக்கே போக நேரலாம். ஆனால் அரிதானது, சுண்ணாம்பு மண்ணும் வெயிலும் உள்ள பீச் காடு வேண்டும். ஷ்வேபிஷ அல்ப் என்ற சுண்ணாம்பு மலைப்பகுதிப் பக்கம் இருக்கிறது, ஷ்வார்ட்ஸ்வால்டின் அமில மண்ணில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். முதல் வருடத்துக்கு ஒரு விதி போதும்: பஞ்சில் சிவப்பு தெரிந்தால் தொடாதே. அந்த விதியால் நல்ல ஹெக்ஸன்ர்யோர்லிங்கும் கையைவிட்டுப் போகும். போகட்டும்.

வெட்டுவதா, திருகி எடுப்பதா என்ற பழைய சண்டையிலும் பஞ்சடிக்கு ஒரு வசதி உண்டு. ஏட்டுக் காளானில் அடையாளத்துக்கு மண்ணுக்குள் புதைந்த பைதான் உயிர்நாடி, அடியோடு எடுக்காமல் வெட்டினால் ஆதாரத்தையே காட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். பஞ்சடியில் கத்தியால் வெட்டி அங்கேயே புழுவையும் மண்ணையும் செதுக்கிவிடலாம். சுவிட்சர்லாந்தில் 1975 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த ஆய்வில் எப்படி எடுத்தாலும் அடுத்த வருட விளைச்சல் குறையவில்லை என்றுதான் தெரிந்தது.

பஞ்சடிக்கு எதிராக நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1986 செர்னோபில் அணு விபத்துக்குப் பின் மழையில் இறங்கிய கதிரியக்க சீசியம்-137 தென் பவேரியா, பவேரியக் காடு போன்ற இடங்களின் மண்ணில் இன்னும் இருக்கிறது, மரோனே அதை நன்றாகவே உறிஞ்சும். கடையில் விற்க கிலோவுக்கு 600 பெக்கரல் (கதிரியக்கத்தின் அளவு) என்று வரம்பு உண்டு, நாம் பொறுக்குவதை யாரும் அளப்பதில்லை. எப்போதாவது ஒரு வேளை சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் பொதுவான ஆலோசனை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அந்தப் பகுதி மரோனேயை நான் கொடுக்க மாட்டேன்.

ஆப் எதற்கு என்றால் பெயர் தேடுவதற்கு மட்டும். முடிவைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், ஜெர்மன் காளானியல் சங்கம் சான்றளித்த ஆலோசகர்களின் பட்டியல் இணையத்தில் ஊர்வாரியாக இருக்கிறது, கூடையைக் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். ஏட்டுக் காளானைக் கற்க ஆசைப்பட்டால் அவர்களோடு காட்டுக்குள் நடந்து கற்பதுதான் ஒரே வழி, நானும் பாரசோலை அப்படித்தான் தொடங்குவதாக இருக்கிறேன். ஸ்டைன்பில்ஸும் ப்ஃபிஃபர்லிங்கும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, சொந்தச் சமையலுக்குக் கொஞ்சம் எடுக்கலாம், தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ என்பதுதான் வழக்கமான கணக்கு, இயற்கைக் காப்பகத்தில் அதுவும் கூடாது.

சமையலில் ஒன்றே ஒன்று: எந்தப் பஞ்சடியையும் பச்சையாகத் தின்னாதீர்கள், மரோனே கால் மணி நேரமாவது நன்றாக வேக வேண்டும். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால் போதும், மசாலா கொட்டினால் கடையில் வாங்கும் மொட்டுக் காளானுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. முதல் தடவை ஒரு புது வகையைச் சமைக்கும்போது கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு முழுக் காளானைச் சமைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஏதாவது ஆனால் டாக்டருக்குக் காட்ட அது உதவும்.