பழைய இழைப்பு மெஷின் வாங்கிச் சரிசெய்து ஓட்டிய அனுபவம்

செங்கோட்டைப் பக்கம் மூடவிருந்த ஒரு மரம் அறுக்கும் மில்லில் 12 அங்குல சர்ஃபேஸ் பிளேனர் ஒன்றை வாங்கினேன். பிரித்துச் சரிசெய்து என் பட்டறையில் ஓட்ட ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகிறது. கதவு, நிலை, கட்டில் எல்லாவற்றுக்கும் மரம் இழைப்பது அதில்தான். "பழைய மெஷின் வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் மெஷின் விலையில் பாதியளவாவது பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள். அந்தப் பணம் பெயிண்டுக்கு இல்லை, உங்கள் விரலுக்கு.

மெஷின் பஞ்சாபில் உள்ள பட்டாலாவில் செய்தது. வார்ப்பிரும்பு வேலைக்குப் பேர்போன ஊர் அது. நம்மூர் லேத் பட்டறைகளிலும் அங்கிருந்து வந்த பழைய மெஷின்களைப் பார்க்கலாம். தகரத்தை மடித்துச் செய்கிற புது ஸ்டாண்டு மெஷின்கள் கனமான தேக்கைத் தள்ளும்போது ஆடும். இது அசையாது. பழசைத் தேடிப் போனதற்கு அதுதான் முதல் காரணம்.

மில்லில் இரண்டு மெஷின் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றுக்குப் புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னொன்று துருவேறிக் கிடந்தது. "தம்பி, பச்சையை எடுத்துட்டுப் போங்க, அப்படியே ஓட்டலாம்" என்றார் மில்காரர். "அண்ணாச்சி, முதல்ல கட்டரைப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி இரண்டின் கட்டர் பிளாக்கையும், அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுற்றும் இரும்புக் கட்டையை, கையால் சுற்றிப் பார்த்தேன். பச்சை மெஷினில் இருந்தது சதுர பிளாக். துருப்பிடித்ததில் உருளை பிளாக்.

துருப்பிடித்ததைத்தான் எடுத்தேன். சதுர பிளாக் சுற்றும்போது ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவே டேபிள் ஓரத்தில் பெரிய இடைவெளி திறந்து திறந்து மூடும். கை வழுக்கி அதில் போனால் விரல் உள்ளே ஆழமாக இழுபட்டுவிடும். உருளை பிளாக்கில் அந்த இடைவெளி இல்லை. காயம் படும், ஆனால் கை அவ்வளவு ஆழமாக உள்ளே போகாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலேயே, கையால் மரம் தள்ளும் இழைப்பு மெஷினுக்கு உருளை கட்டர் பிளாக்கும், வெட்டும் வாய் முழுவதையும் மூடக்கூடிய பாலம் மாதிரியான காப்பும் வேண்டும் என்று இருந்திருக்கிறது. அப்படியும் சதுர பிளாக் மெஷின்கள் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் போதும். டேபிளின் அடிப்பக்கம், பேரிங் உட்காரும் இடம், போல்ட் துளைகளைச் சுற்றி நன்றாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைக் கோடாகத் தெரியும். டேபிள் ஓரத்தில் சின்ன விரிசல் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம். கட்டர் பிளாக்கிலோ பேரிங் வீட்டிலோ இருந்தால் அதோடு பேச்சை முடித்துவிட வேண்டும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள், கேட்கக் கூடாது.

துரு எடுப்பதைத்தான் எல்லோரும் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். டேபிளுக்கு மண்ணெண்ணெயும் எமரி தாளும் போதும். சின்னப் பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜர் வைத்துத் துருவை எடுத்தேன். சார்ஜரின் மைனஸ் ஒயர் துருப்பிடித்த பாகத்தில், பிளஸ் ஒயர் ஒரு வெற்று இரும்புத் துண்டில். அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் இறங்கிவிடும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பழைய பெயிண்டைக் கிரைண்டர் போட்டுத் தூளாக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில்கூட ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய மெஷின் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஈரமாக்கிச் சுரண்டி எடுப்பது நல்லது.

மோட்டார் 2 ஹெச்பி, த்ரீ பேஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டார் புல்லி கட்டர் புல்லியைவிட மூன்று மடங்கு பெரிது என்பதால் கட்டர் 4,300 சுற்றுக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் ஒரு பிளேடு தெறித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பேரிங் இரண்டையும் பில் போட்டுத் தரும் டீலரிடம் புதுசாக வாங்கினேன். பிளேடுகளை கிராம் தராசில் போட்டு எடை சமமாக்கிய பிறகே மாட்டினேன். மரை தேய்ந்த போல்ட் எதையும் மறுபடி போடவில்லை. பெல்ட் மாட்டும் முன் மோட்டாரைத் தனியாக ஓட்டித் திசை பார்த்தோம். தலைகீழாகச் சுற்றியது. இரண்டு பேஸ் ஒயரை மாற்றிக் கொடுத்ததும் சரியானது.

மில்லில் இதை வெறும் மெயின் ஸ்விட்சில் ஓட்டியிருக்கிறார்கள். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், யாரும் ஸ்விட்சை அணைக்க மாட்டார்கள். பிளேடு மாற்றக் கையை வைத்திருக்கும்போது கரண்ட் திரும்பினால் மெஷின் தானாகக் கிளம்பும். மின்வெட்டு உள்ள ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. பட்டன் அமுக்கி மோட்டாரைக் கிளப்பும் டிஓஎல் ஸ்டார்ட்டர் வைத்தால், கரண்ட் போன உடனே அதிலுள்ள காந்தக் காயில் விடுபட்டுவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அமுக்காமல் மெஷின் ஓடாது. கூடவே மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் ஓவர்லோடு ரிலே, முழங்காலால் தட்டி நிறுத்த ஒரு சிவப்பு காளான் பட்டன், தனி எர்த். மோட்டார் காயிலில் கரண்ட் கசிகிறதா என்று எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெகர் என்ற கருவி வைத்துப் பார்த்து, ஒரு மெகா ஓமுக்கு நன்றாக மேலே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் லைன் கொடுத்தோம். இப்போதும் பிளேடில் கை வைக்கும் முன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

இத்தனை வருஷத்தில் பெல்ட் மாற்றியிருக்கிறேன், பிளேடு சாணை பிடிப்பது வழக்கமான செலவு. பேரிங் இன்னும் அதேதான். தேக்கு, வேம்பு இரண்டையும் மூலமட்டம் (தச்சர் நேர் பார்க்கும் கருவி) வைத்தால் வெளிச்சம் தெரியாதபடி இழைக்கிறது. கணு உள்ள வாகையில் மட்டும் சிராய் பெயர்கிறது.

குறையும் உண்டு. ஸ்விட்சை அணைத்த பிறகும் கட்டர் வெகுநேரம் சுற்றும், பிரேக் கிடையாது. அது முழுக்க நிற்கும்வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்பது பட்டறை விதி. சத்தம் அதிகம், காதடைப்பான் இல்லாமல் முடியாது. தூள் உறிஞ்சும் குழாய்க்கு இடமே இல்லாததால், அடியில் தகரத்தில் ஒரு கூம்பு செய்து மாட்டினேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒரு அடிக்குக் குறைவான கட்டையை நாங்கள் இதில் விடுவதே இல்லை. மெல்லிய பலகைக்குத் தள்ளுகட்டை கட்டாயம். கையுறை மட்டும் கூடவே கூடாது, கட்டர் துணியைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும்.

அடுத்து ஒரு பழைய சர்குலர் சா பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் பலவற்றுக்கு ரம்பத்தின் பின்னால் ரைவிங் கத்தி பொருத்த இடமே இல்லை. அறுத்த மரம் பின்னால் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வினால், பலகை ஆளை நோக்கிப் பறக்கும். அந்தக் கத்தியைத் தாங்கும் பிராக்கெட்டோடு ஒரு மெஷின் கிடைக்கும்வரை கைமெஷினிலேயே அறுத்துக்கொள்கிறேன்.