சித்ரோன் டிஎஸ்ஸா, திராக்ஸியோன் அவானா?

பழைய பிரெஞ்சு கார் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேராக சித்ரோன் டிஎஸ்ஸுக்குத்தான் போகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு காருக்குத்தான் காசு இருக்கிறது, அதை அடிக்கடி எடுத்து ஓட்டவும் வேண்டும் என்றால், நான் அதே கம்பெனி அதற்கு முன்பு செய்த திராக்ஸியோன் அவானைத்தான் சொல்வேன்.

1934-இல் வந்த கார். எஞ்சின் முன்சக்கரத்தைச் சுழற்றும், அடியில் தனிச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது, உடம்பே சட்டம். இதை உருவாக்கிய செலவில் கம்பெனி திவாலாகி டயர் செய்யும் மிஷலின் கைக்குப் போனது, அடுத்த வருஷமே கம்பெனியைத் தொடங்கிய ஆந்த்ரே சித்ரோன் இறந்தும் போனார். கார் மட்டும் 1957 வரை உற்பத்தியில் இருந்தது. கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மூன்றே கியர், அவசரப்பட்டால் கரகரவென்று கத்தும் (கியர்பாக்ஸ்தான் இதன் பலவீனம், ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்). நிறுத்தி எடுக்கும்போது ஸ்டியரிங் தோளைப் பிடுங்கும். அப்புறம் வேகம் எடுத்துவிட்டால் வளைவுகளில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்து, இது 1930களின் வண்டியா என்று தோன்றும். பழுது என்றால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக்கே பெரும்பாலும் சமாளித்துவிடுவார்.

டிஎஸ் வேறு உலகம். 1955 பாரிஸ் கண்காட்சியில் முதல் நாளே 12,000 ஆர்டர். எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் தரையோடு படுத்திருந்த வண்டி தானாக எழுந்து நிற்கும். பிரேக் பெடலுக்குப் பதில் ஒரு ரப்பர் குமிழ். பழக்கமில்லாதவர் ஓங்கி மிதித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணாடியில் முட்டிக்கொள்வார். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், கிளட்ச் எல்லாமே ஒரே எண்ணெய் அழுத்தத்தில் நடக்கிறது. பயண சுகத்தில் இன்றைய கார்கள் பலவும் இதன் பக்கத்தில் வராது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு புதுமைக்கு நடுவில் ஆரம்ப டிஎஸ் 19-இன் எஞ்சின் மட்டும் திராக்ஸியோனுடைய பழைய 1911 சிசி எஞ்சினின் வாரிசுதான்!

தலைவலியும் அந்த எண்ணெயில்தான். 1966 வரை வந்தவற்றில் சிவப்பு திரவம், ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். அதற்குப் பிறகு பச்சை. ஒன்றில் மற்றதை ஊற்றிவிட்டால் சீல்கள் எல்லாம் போச்சு. அதனால் டிஎஸ்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் பச்சை எண்ணெய் வண்டியாகப் பாருங்கள், அதிலும் சாதா கியர் உள்ள டி ஸ்பெசியால் என்ற எளிய வகை இருந்தால் தொல்லை குறைவு. ஆன்றி ஷப்ரோன் பட்டறையில் செய்த திறந்த கூரை டிஎஸ்ஸா? அந்த விலைக்கு நம்மால் ஆகாது.

இரண்டிலும் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். திராக்ஸியோனில் கதவுக்குக் கீழே ஓடும் தகடு அரித்திருந்தால் உடம்பே தொய்ந்துவிடும், கதவைச் சாத்தும்போதே தெரியும். டிஎஸ்ஸில் பின் மட்கார்டு ஒரே ஒரு போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம்.